மண்டையோட்டில் ஓர் இலையான்

பாரிஸ் மெற்றோவில் ஒரு பெட்டிக்குள் ஏறி, ஒரு மண்டையோட்டையாவது காணாமல் இறங்குவது இப்போது கடினம். ரீசேர்ட்டில் இருக்கும், தோள்பையில் இருக்கும், முழங்கையில் பச்சையாகக் குத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது தனியாக இருப்பதில்லை. கண்குழிக்குள் ஒரு ரோசாப்பூ, நெற்றியில் சிறகு விரித்த அந்துப்பூச்சி, தாடையைச் சுற்றிப் பன்னத்தழை. என் மகளும் அப்படி ஒன்றை வரைந்து தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். நுணுக்கமான பேனா வேலை. பூச்சியின் உணர்கொம்பில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. "பயமாயில்லையா?" என்று கேட்டேன். "ஏன் பயம்? வடிவா இருக்குதானே அப்பா" என்றாள்.

வடிவாகத்தான் இருந்தது. அந்த வடிவு என்னை ஏன் உறுத்தியது என்பதைத்தான் இங்கே எழுதிப்பார்க்கிறேன். அதைத் தேடிப்போன வழியில் நானூறு வருடப் பழைய ஓர் ஓவியமும், பின்னர் நானே எழுதிய ஒரு கட்டுரையும் குறுக்கே வந்தன.

மண்டையோட்டில் பூச்சியை உட்காரவைப்பது புதிய பழக்கமில்லை. ஜேர்மன் ஓவியர் பார்தெல் புரூயின் 1524இல் வரைந்த ஒரு படத்தில், தாடை கழன்ற மண்டையோடு, அணைந்த மெழுகுதிரி, மண்டையோட்டின் மேல் ஓர் இலையான். அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்து ஓவியர்கள் இதையே ஒரு தனி வகையாக வளர்த்தார்கள். 'வானித்தாஸ்' என்று பெயர். மணற்கடிகாரம், வாடத் தொடங்கிய பூ, கவிழ்ந்த கிண்ணம், மண்டையோடு எல்லாம் ஒரே மேசையில் இருக்கும். உலக வாழ்வு நிலையில்லாதது என்ற செய்தி. பட்டினத்தாரை வாசித்தவர்களுக்கு அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த மேசையில் பூச்சிக்கு மட்டும் தனியான வேலை ஒன்று இருந்தது. மண்டையோடு முடிந்துபோன பொருள். சதை போய், மணம் போய், கழுவி வைத்த பாத்திரம்போலச் சுத்தமாக இருக்கிறது. அதைக் கையில் எடுத்துத் தத்துவம் பேசலாம். இலையான் வந்து உட்கார்ந்தவுடன் அது முடியாமல் போகிறது. சாவு எப்போதோ நடந்து முடிந்த செய்தியில்லை, இன்னும் வேலை நடக்கிறது, இங்கே நாற்றம் உண்டு என்று அந்தச் சிறிய கறுப்புப் புள்ளி சொல்கிறது. மண்டையோட்டைப் பொருளாக வைத்த ஓவியங்களில் நேர்மையைச் சோதிக்க நான் இப்போது ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன். இதில் பூச்சி வேலை செய்கிறதா, அல்லது அலங்காரமாக இருக்கிறதா?

நம் காலத்தில் இந்த வித்தியாசத்தை ஒரே மனிதரிடம் பார்க்கலாம். டேமியன் ஹெர்ஸ்ட் 1990இல் ஒரு பெரிய கண்ணாடிக் கூண்டு செய்தார். ஒரு பக்கத்தில் புழுக்கள் இலையான்களாகும். மறுபக்கத்தில் வெட்டிய மாட்டுத்தலை. இலையான்கள் பறந்துபோய் அதைத் தின்னும், முட்டையிடும். மேலே தொங்கும் மின்பொறியில் பட்டுச் சாகும். அருவருப்பான வேலைதான். ஆனால் அதற்குள் உயிரும் சாவும் உண்மையாகவே நடந்துகொண்டிருந்தன. அதே ஹெர்ஸ்ட் 2007இல் பதினெட்டாம் நூற்றாண்டு மண்டையோடு ஒன்றைப் பிளாட்டினத்தில் வார்த்து 8,601 வைரங்களைப் பதித்தார். ஐந்து கோடி பவுண் விலை குறித்தார்கள். அதில் இலையான் உட்கார இடமில்லை, வழுக்கிவிடும்.

பெல்ஜியக் கலைஞர் யான் ஃபாப்ர் செய்தது இன்னும் நுட்பமானது. அவர் பூச்சியை விலக்கவில்லை, பூச்சியையே மணியாக்கினார். மண்டையோட்டு உருவங்களைப் பொன்வண்டின் சிறகுறைகளால் மூடினார். சிலவற்றின் பற்களுக்கிடையே பாடம் செய்த பறவை இருக்கும். பிரசெல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபக் கூரையையும் 2002இல் அவர் இதே சிறகுறைகளால் வேய்ந்தார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை. கோடையில் பொதுமக்களுக்குத் திறக்கும் நாட்களில் போய்ப் பார்த்திருக்கிறேன். பச்சையும் நீலமுமாகக் கூரை கடல்போல அசைகிறது. கீழே நின்றபோது எனக்கு நினைவு வந்தது நெருப்புப்பெட்டி. சின்ன வயதில் பொன்வண்டைப் பிடித்து, இலை போட்டு, பெட்டிக்குள் வளர்த்திருக்கிறோம். ஒருநாள் திறந்தால் செத்துக் கிடக்கும். ஆனால் நிறம் அப்படியே இருக்கும். அந்த மினுக்கம் சாயத்தால் வருவதில்லை. சிறகுறையின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால் வண்டு செத்தாலும் நிறம் சாவதில்லை. ஃபாப்ரின் மண்டையோடுகளின் பலமும் பலவீனமும் இதுதான். அவை சாவைப் பற்றிப் பேசுகின்றன, ஆனால் சாவைக் காட்டிக்கொடுக்காத ஒரே பூச்சியைத் தேர்ந்தெடுத்துப் பேசுகின்றன.

இனி ரோமுக்கு வருகிறேன். பார்பெரினி மாளிகை அருங்காட்சியகத்தில், ஒரு மீற்றருக்கும் குறைவான உயரத்தில் தொங்கும் படம் அது. வரைந்தவர் ஜொவான்னி பிரான்செஸ்கோ பார்பியேரி. கண் மாறியிருந்ததால் 'குவெர்ச்சீனோ', அதாவது மாறுகண்ணன், என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. 1618க்கும் 1622க்கும் இடையில் வரைந்திருக்கிறார். அப்போது அவருக்கு முப்பது வயதளவில்.

இரண்டு மேய்ப்பர்கள் இடப்பக்க மரங்களுக்குள்ளிருந்து வெளிப்பட்டு, கோலை ஊன்றியபடி நின்றுவிட்டார்கள். எதிரே இடிந்த கட்டுமானத் துண்டு ஒன்று. அதன்மேல் மனித மண்டையோடு. அதில் ஒரு சுண்டெலியும் ஓர் இலையானும். கல்லில் நான்கு இலத்தீன் சொற்கள்: 'எட் இன் ஆர்க்கேடியா ஈகோ'. இந்தச் சொற்றொடர் ஓவியத்தில் முதன்முதலாக வருவது இங்கேதான். படம் அவ்வளவு நேர்த்தியானதென்று சொல்லமாட்டேன். மேய்ப்பர்கள் ஓர் ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள், மண்டையோடு அளவுக்குமீறிப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அதன் முன்னால் நின்றால் வேறெங்கும் பார்க்கமுடியாது.

சுண்டெலி எல்லாவற்றையும் அரித்துத் தின்னும் காலத்தின் அடையாளம். மெடிச்சி குடும்பத்துக் கல்லறைகளில் இதே பொருளில் ஓர் எலியைச் செதுக்க மைக்கலாஞ்சலோ எண்ணியிருந்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய கொன்டீவி சொல்கிறார். இலையானின் கதை வேறு. அது சாட்சி. சீனாவில் 1247இல் சொங் ட்சூ என்ற நீதிபதி பிரேத விசாரணை பற்றி எழுதிய நூலில் ஒரு வழக்கு வருகிறது. அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்ட ஒருவன். ஊரவர் எல்லோரையும் தங்கள் அரிவாள்களை வெயிலில் வைக்கச் சொல்கிறார்கள். கழுவித் துடைத்திருந்தும் ஒரே ஓர் அரிவாளை மட்டும் இலையான்கள் மொய்க்கின்றன. உரியவன் ஒப்புக்கொள்கிறான். மனிதர்கள் சொல்லாததை இலையான் சொல்லிவிடும்.

குவெர்ச்சீனோவின் படத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். மேய்ப்பர்கள் பார்ப்பது மண்டையோட்டை. அவர்கள் முகத்தில் பூச்சிக்கான அருவருப்பு எதுவுமில்லை. அந்த இலையானை அவர்கள் கண்டதாகவே தெரியவில்லை. கண்டது மாறுகண்ணன் என்று பெயரெடுத்த ஓவியர்தான். அதையும் அவர் பெரிதுபடுத்திக் காட்டவில்லை. இருக்கவேண்டிய அளவில், இருக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டு விலகிவிட்டார்.

ஆர்க்கேடியா என்றால் ஐரோப்பியக் கவிமரபில் பொன்னுலகம். புல்வெளி, ஆடு, குழல், காதல். அந்தக் கல்லில் எழுதியிருப்பதன் பொருள் என்ன? கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனொஃப்ஸ்கி 1936இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. இலத்தீன் இலக்கணப்படி அதன் பொருள் 'ஆர்க்கேடியாவிலும் நான் இருக்கிறேன்'. பேசுவது சாவு. ஆனால் பிற்காலத்தவர் அதை 'நானும் ஆர்க்கேடியாவில் வாழ்ந்தேன்' என்று வாசித்தார்கள். அங்கே பேசுவது இறந்துபோன ஒருவர், அல்லது பொன்னுலகத்தை இழந்த எவரோ. 'உம்' என்ற விகுதி ஒரு சொல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது, எச்சரிக்கை ஏக்கமாகிவிடுகிறது.

இந்தத் தாவல் நடந்த இடத்தையும் பனொஃப்ஸ்கி காட்டுகிறார். நிக்கொலா பூசான் இதே பொருளை இரண்டு தடவை வரைந்தார். முதலாவது 1620களின் பிற்பகுதியில் வரைந்தது, இன்று இங்கிலாந்தில் சாட்ஸ்வேர்த் மாளிகையில் இருக்கிறது. அதில் மேய்ப்பர்கள் ஒரு கல்லறையை நோக்கிப் பரபரப்போடு குனிகிறார்கள். மண்டையோடு இன்னும் இருக்கிறது, ஆனால் கல்லறையின்மேல் தேடிப்பார்க்கவேண்டிய அளவுக்குச் சிறுத்துவிட்டது. எலியும் இலையானும் இல்லை. இரண்டாவது பத்து வருடத்துக்குப் பின்னர் வரைந்தது, லூவரில் இருக்கிறது. நான்கு பேர் கல்லறையைச் சுற்றி அமைதியாக நிற்கிறார்கள். ஒருவர் முழந்தாளிட்டு எழுத்துகளை விரலால் தொட்டு வாசிக்கிறார், அவருடைய நிழல் கல்லில் விழுகிறது. மண்டையோடு முற்றாகப் போய்விட்டது. பூச்சி முதலில் போனது, எலும்பு பிறகு போனது, எஞ்சியது அழகான துயரம்.

லூவர் ஓவியத்தின் முன்னால் பல தடவை நின்றிருக்கிறேன். குவெர்ச்சீனோவினதைவிட அது எவ்வளவோ உயர்ந்த கலை. அந்த நால்வரின் நிற்பில் உள்ள அமைதி, வானத்தின் நீலம், பெண்ணின் கை மேய்ப்பனின் தோளில் பதிந்திருக்கும் விதம் எல்லாம் மனதை ஆற்றும். எனக்குள்ள சிக்கலும் அதுதான். மேலான ஓவியம் குறைவான உண்மையைச் சொல்கிறது. போன கோடையில் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இதில செத்தது ஆர்?" என்று கேட்டாள். கல்லில் பெயர் ஏதுமில்லை. என்னிடமும் பதில் இல்லை.

இந்தக் கதையில் வருகிறவர்கள் பலர் ஊரைவிட்டு வந்தவர்கள் என்பது தற்செயலா என்று தெரியவில்லை. பூசான் நோர்மண்டிக்காரர், ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியை ரோமில் கழித்து அங்கேயே இறந்தார். பனொஃப்ஸ்கி யூதர் என்பதால் 1933இல் ஹம்பேர்க் பல்கலைக்கழக வேலையை இழந்து அமெரிக்கா போனவர். அந்தக் கட்டுரை முதலில் வெளிவந்தது, அவரைப் போலவே ஜேர்மனியைவிட்டு வெளியேறிய தத்துவவாதி எர்ன்ஸ்ட் கஸீரருக்கான மலரில். இழந்த பொன்னுலகம் பற்றி ஓர் அகதி இன்னோர் அகதிக்காக எழுதியது. அதில் கண்ணீர் இல்லை, இலக்கணம் இருக்கிறது.

அவர் நினைவூட்டும் இன்னொருவர் பொலிபியுஸ். ஆர்க்கேடியா என்பது கற்பனை நாடில்லை. கிரேக்கத்தின் பெலொப்பொனேஸ் பகுதியில் உள்ள மலைநாடு. வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் அங்கே பிறந்து, ரோமுக்குப் பணயக்கைதியாகக் கொண்டுபோகப்பட்டவர். தன் ஊரைப் பற்றி அவர் எழுதியது குளிரும் கடுமையும். அந்தக் கடுமையால் மனிதர் முரடராகிவிடாதிருக்கத்தான் முன்னோர் இசைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள் என்கிறார். இசையைக் கைவிட்ட ஓர் ஊர் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு அழிந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். ஆர்க்கேடியாவைப் பொன்னுலகமாக்கியது இத்தாலியில் இருந்த வேர்ஜில். அவருக்கு அது சொந்த ஊரில்லை.

நாங்கள் இந்த இரண்டு பேரில் யாருடைய பக்கம்?

முப்பது நாற்பது வருடங்களாக நம் சஞ்சிகைகளிலும் மலர்களிலும் ஊரைப் பற்றி எழுதிவருகிறோம். பனங்கூடல், கிணற்றடி, கோயில் தேர், ஒழுங்கையில் போகும் சைக்கிள், மாரிகாலத் தவளைச் சத்தம். அதில் நல்ல எழுத்தும் உண்டு. போரைப் பற்றியும் கொலைகளைப் பற்றியும் துணிந்து எழுதியவர்கள் உண்டு. ஆனால் நினைவுக் கட்டுரை என்ற வகையில் பெரும்பாலும் நாம் எழுதியது பூசானின் இரண்டாவது ஓவியம். கல்லறை இருக்கும், பெயர் இருக்காது. 'நானும் அங்கே வாழ்ந்தேன்.' அந்த ஊரில் பிறந்த எங்களுக்கு வேர்ஜிலாவதற்கு உரிமை இல்லை. இருந்தும் ஆகிவிட்டோம்.

மற்றவர்களைச் சொல்வதற்கு முன் என்னைச் சொல்லவேண்டும். பதினைந்து வருடங்களுக்கு முன் ஊர்க்காரர் வெளியிட்ட ஆண்டு மலருக்கு எங்கள் கிணற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். துலா, அதில் ஏறி மிதிப்பவரின் கால்நடை, பட்டையிலிருந்து வாய்க்காலுக்கும் வாழைக்கும் பாயும் தண்ணீர், கிணற்றுக்கட்டில் காயும் சவர்க்காரத் துண்டு. ரொறொன்ரோவிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் தொலைபேசி வந்தது. ஒருவர் அழுதார். நல்ல கட்டுரை என்று நானும் நம்பினேன்.

இரண்டு விடயங்களை அதில் விட்டிருந்தேன். மறந்து விடவில்லை, தெரிந்தே விட்டேன். முதலாவது சுண்டெலி. அந்தத் துலாவைத் தொட எல்லோருக்கும் உரிமை இருக்கவில்லை. ஊரின் மேற்குப் பக்கத்துப் பெண்கள் குடத்தோடு வந்து கிணற்றுக்கட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பார்கள், எங்கள் ஆட்களில் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை. என் அம்மா ஊற்றியிருக்கிறா. சமைத்துக்கொண்டிருந்தால் அவ்வளவு நேரமும் அவர்கள் நின்றிருக்கிறார்கள். சத்தமில்லாமல், நாளுக்கு நாள் அரித்தது அது.

இரண்டாவது இலையான். எண்பதுகளின் கடைசியில் ஒரு விடியற்காலை அந்தக் கிணற்றடியில் ஒருவர் கிடந்தார். இரவில் சுட்டிருந்தார்கள். யாரும் கிட்டப் போகவில்லை. வெயில் ஏற ஏற இலையான்களின் சத்தம் எங்கள் வீட்டு விறாந்தைக்குக் கேட்டது. சுட்டவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். எந்தப் பக்கத்தவர் என்று இங்கே எழுதினால் இதை வாசிப்பவர்களில் ஒரு பகுதியினர் இந்த வரியோடு நிறுத்திவிடுவார்கள், இன்னொரு பகுதியினர் மகிழ்ச்சியோடு தொடர்வார்கள். அன்று எழுதாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு நாள் கழித்து அதே கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளித்தோம். கட்டுரையில் தண்ணீரின் குளிர்ச்சியைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருக்கிறேன்.

சாவை எழுதுவதே போதுமென்று நான் சொல்லவரவில்லை. இலையானும் அலங்காரமாகலாம். நம் போர்க் கதைகள் சிலவற்றில் இரத்தமும் சிதறிய சதையும் வைரம்போலப் பதிக்கப்பட்டிருக்கின்றன. வாசகர் அதிரவேண்டும் என்பதற்காக வைத்தவை அவை. அதுவும் ஹெர்ஸ்டின் பிளாட்டின மண்டையோடுதான், பொருள் மட்டும் வேறு. குவெர்ச்சீனோவிடம் கற்கவேண்டியது அளவு. மரமும் வானமும் இருக்கட்டும், மேய்ப்பர்கள் இளமையாக இருக்கட்டும், துலாவும் வாழையும் இருக்கட்டும். அவற்றோடு அதே வெளிச்சத்தில் இலையானும் அதன் உண்மையான அளவில் இருக்கவேண்டும்.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் மறுபடி தோண்டினார்கள். 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளினதும் உண்டு. ஒரு பள்ளிக்கூடப் பையும் வந்தது. படங்களை நாங்கள் எல்லோரும் கைத்தொலைபேசியில் பார்த்தோம். சிறிய தூரிகையால் மண்ணை ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு வைத்திருந்தார்கள். அந்த மண்டையோடுகளை யாரும் வடிவு என்று சொல்லமுடியாது. நிலையாமையின் சின்னம் என்றும் சொல்லமுடியாது. அவை சான்றுப்பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. நாளைக்கு யாராவது அந்தக் கண்குழிக்குள் ஒரு பூவை வரையக்கூடும், அன்போடுதான் வரைவார்கள். வரைவதற்கு முன், 'இதில செத்தது ஆர்?' என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்.

மகளின் படம் இன்னும் சுவரில் இருக்கிறது. கழற்றச் சொல்லவில்லை. குவெர்ச்சீனோவின் ஓவியத்தைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன். இலையானை அவளாகவே கண்டுபிடித்தாள். பிறகு கிணற்றடிக் கதையைச் சொன்னேன், முதல் தடவையாக. "அவருக்குப் பெயர் என்ன?" என்று கேட்டாள். சொன்னேன்.

இங்கே அந்தப் பெயரை எழுதவில்லை. அவருடைய மகள் இன்னமும் அதே ஊரில்தான் இருக்கிறா. அவவைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமையில்லை. அவவின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு ஊருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். சம்மதித்தால் அந்தக் கிணற்றுக் கட்டுரையை மறுபடி எழுதுவேன். சம்மதிக்காவிட்டாலும் பழையதை இனி எந்தத் தொகுப்பிலும் சேர்க்கமாட்டேன்.